கொரோனிஸ்: மருத்துவக் கடவுளின் அம்மாவுக்கு என்ன நடந்தது?



டாக்டர்கள் எடுக்கும் ஹிப்போக்ரடீஸ் உறுதிமொழி பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. இன்னைக்கு உலகம் முழுக்க அதைத் திருத்தி, சுருக்கி, சாமி பெயர்களை எல்லாம் எடுத்துட்டாங்க. ஆனால் பழைய கிரேக்க மூலத்தில், மருத்துவன் சில தெய்வங்களைச் சாட்சியாக வைத்துத்தான் சத்தியம் செய்கிறான்.

முதல் பெயர் அப்போலோ. அடுத்தது அவன் மகன் அஸ்கிளிபியஸ். அதற்கடுத்து அஸ்கிளிபியஸின் மகள்கள் ஹைஜியாவும் பானேசியாவும். நாம தினமும் சொல்ற "ஹைஜீன்" என்ற சொல் அந்த ஹைஜியாவிலிருந்து வந்ததுதான்.

அப்பா, மகன், பேத்திகள். மூணு தலைமுறையும் இருக்கு. அந்த மகனை வயித்துல சுமந்த அம்மா மட்டும் இல்லை.

அவள் பெயர் கொரோனிஸ். அவளைக் கொன்றது யார் தெரியுமா? உறுதிமொழியில் முதல் பெயராக வரும் அந்த அப்போலோதான். அவளுடைய காதலன்.

இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பேசப் போறோம். கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க. கடைசியில ஒரு மருத்துவ விஷயமும் இருக்கு. அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

முதல்ல பேரைப் பத்தி ஒரு வரி. கொரோனிஸ்னு படிச்சதும் 2020 ஞாபகம் வந்திருக்கும். அந்த வைரஸுக்குப் பெயர் வந்தது, கிரீடம் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து. இவளுடைய பெயரோ காக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ஒட்டி நிற்பது. கதையில காக்கை வரும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்தக் கதைக்கு ஒரே வடிவம் கிடையாது. நம்ம ஊர்ல ராமாயணத்துக்கு ஊருக்கு ஒரு வடிவம் இருக்கிற மாதிரிதான் இதுவும். நமக்கு முழுசாகக் கிடைக்கும் பழைய வடிவம், கி.மு. 470களில் பிண்டார் என்ற கிரேக்கக் கவிஞர் எழுதியது. சிராகூஸ் நகரத்தை ஆண்ட ஹியரோன் நோயில் கிடந்தபோது அவனுக்காகப் பாடிய பாட்டு அது. உடம்பு சரியில்லாத ராஜாவுக்கு, மருத்துவக் கடவுள் பிறந்த கதையைச் சொல்கிறார். இன்னொரு புகழ்பெற்ற வடிவம், சுமார் 480 ஆண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியது.

கதை நடக்கும் இடம் கிரேக்கத்தின் தெசலி. அங்கே போய்பெயிஸ் என்று ஓர் ஏரி. இப்போ அதுக்குக் கார்லா ஏரின்னு பேரு. 1962ல் அதை முழுசா வற்ற வச்சு வயலாக்கினாங்க. அப்புறம் அது தப்புன்னு புரிஞ்சு, மறுபடி ஒரு பகுதியில் நீர் நிரப்பினாங்க. அந்த ஏரிக்கரை ஊரில் ஃபிளெகியாஸ் என்ற அரசனின் மகள்தான் கொரோனிஸ்.

அப்போலோ யார்? ஒளிக்கும் இசைக்கும் குறி சொல்வதற்கும் தெய்வம். வில்லாளி. மருத்துவத்துக்கும் அவன்தான் தெய்வம். அதே சமயம் கொள்ளை நோயை அனுப்புவதும் அவன்தான். ஹோமரின் இலியட் தொடங்குவதே அப்போலோவின் அம்புகள் படைமுகாமில் கொள்ளை நோயாக விழுவதில்தான். நோயைக் கொடுக்கிறவனும் தீர்க்கிறவனும் ஒருத்தனே. நம்ம ஊர் அம்மனை நினைச்சுக்கோங்க, சட்டுனு புரியும்.

இவன் கொரோனிஸைக் காதலித்தான். அவள் கர்ப்பமானாள்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அவள் இஸ்கிஸ் என்ற மனிதனோடு சேர்ந்தாள். ஆர்க்கேடியாவிலிருந்து வந்த வெளியூர்க்காரன் அவன்.

ஏன்?

பிண்டார் அவளைத் திட்டுகிறார். பக்கத்தில் இருப்பதை விட்டுட்டு எட்டாததுக்கு ஆசைப்படுற மனசுன்னு சொல்ற தோரணை. ஓவிட் காரணமே சொல்லவில்லை. அவள் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கிரேக்கக் கதைகளில் இதே அப்போலோவை வேண்டாம் என்று சொன்ன இன்னொரு பெண் இருக்கிறாள். மார்பெஸ்ஸா. அவளுக்காக அப்போலோவும் ஐடாஸ் என்ற மனிதனும் சண்டை போட்டார்கள். ஜீயஸ் வந்து, "நீயே தேர்ந்தெடு" என்று அவளிடமே விட்டுவிட்டார். அவள் மனிதனைத்தான் தேர்ந்தெடுத்தாள். காரணம் ரொம்ப எளிது. எனக்கு வயசாகும், அவனுக்கு ஆகாது. நான் கிழவியானதும் விட்டுட்டுப் போயிடுவான் என்ற பயம்.

சாவே இல்லாத ஒருத்தனைக் காதலிக்கிற பெண்ணுக்கு இந்தப் பயம் வராதா? கொரோனிஸுக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. அவளுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்னு நினைச்சுப் பார்க்க இந்தக் கதை உதவுது. அவ்வளவுதான்.

இப்போ காக்கை வருது.

ஓவிட் சொல்லும் வடிவத்தில், அப்போலோவிடம் ஓர் அண்டங்காக்கை இருந்தது. அப்போது அது கறுப்பு இல்லை. புறாவும் அன்னமும் தோற்கும் வெள்ளை. கொரோனிஸும் இஸ்கிஸும் சேர்ந்திருப்பதை அது பார்த்துவிட்டது. எஜமானிடம் சொல்லக் கிளம்பியது. வழியில் இன்னொரு காக்கை தடுத்தது. உண்மையைப் போய்ச் சொன்னதால்தான் என் நிலைமை கெட்டது, நீயும் கெட்டுப்போகாதே என்று தன் கதையையே சொல்லி எச்சரித்தது. அண்டங்காக்கை கேட்கவில்லை. போய்ப் பற்ற வைத்தது.

பிண்டார் பாட்டில் காக்கையே கிடையாது. எல்லாம் தெரிந்த தெய்வத்துக்கு உளவாளி எதற்கு? தன் மனதாலேயே அறிந்துகொண்டான் என்கிறார்.

செய்தி எப்படி வந்தாலும், அடுத்து நடந்தது ஒன்றுதான்.

ஓவிடின் அப்போலோ அந்த நொடியே வில்லை எடுத்தான். எத்தனையோ முறை தான் அணைத்த அதே மார்பில் அம்பை விட்டான். விசாரிக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிற்றில் தன் பிள்ளை இருக்கிறதே என்ற நினைப்புகூட வரவில்லை.

உயிர் போகும் நேரத்தில் கொரோனிஸ் சொன்னதை ஓவிட் எழுதியிருக்கிறார். தண்டனை எனக்குத் தகும், ஆனால் குழந்தையைப் பெற்றுவிட்ட பிறகு என்னைக் கொன்றிருக்கலாமே, இப்போது ஒருத்திக்குள் இரண்டு உயிர் போகிறதே என்பதுதான் அதன் சாரம். அவ்வளவுதான் சொன்னாள்.

பிண்டார் வடிவத்தில் அப்போலோ கையால் அம்பு விடவில்லை. சகோதரி ஆர்ட்டெமிஸை அனுப்புகிறான். கொரோனிஸோடு சேர்ந்து அக்கம்பக்கத்து ஜனங்களும் நிறையப் பேர் செத்துப்போகிறார்கள். ஒரு பொறியில் பிடித்த நெருப்பு காட்டையே அழிப்பதைப்போல என்று உவமை சொல்கிறார். ஒரு டாக்டராக இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது கொள்ளை நோய்தான். ஒருத்தனோட கோபத்துக்கு ஊரே பலி.

அம்பு விட்ட உடனே அப்போலோவுக்குப் புத்தி வந்தது. ஓவிட் இதை விரிவாகச் சொல்கிறார். வில்லை வெறுத்தான், அம்பை வெறுத்தான், தன் கையையே வெறுத்தான். விழுந்து கிடந்தவளை எடுத்து மடியில் போட்டுத் தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தான்.

மருத்துவத்தின் கடவுள் அவன். அவனாலேயே முடியவில்லை. நேரம் கடந்துவிட்டது.

எமர்ஜென்சியில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. தன் கையாலேயே வீட்டுப் பெண்ணை அடிச்சுப் போட்டுட்டு, தானே தூக்கிட்டு ஓடி வந்து, "எப்படியாவது காப்பாத்துங்க சார்"னு காலைப் பிடிச்சு அழுத ஓர் ஆளையாவது பார்த்திருப்பாங்க. அந்த அழுகை பொய் இல்லை. ஆனா அதனால அவ எழுந்து வரப் போறதும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஓவிட் இந்த ஆளைப் பார்த்து எழுதி வச்சிருக்கார்.

சிதை மூட்டினார்கள். தீ பிடிக்கும்போது அப்போலோவுக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையும் சேர்ந்து எரிவதா என்று தீக்குள் புகுந்து, தாயின் வயிற்றைப் பிளந்து குழந்தையை எடுத்தான். அந்தக் குழந்தைதான் அஸ்கிளிபியஸ்.

காக்கை? வெகுமதி கிடைக்கும் என்று காத்திருந்தது. கிடைத்தது கறுப்பு நிறம். செய்தி சொன்னதுக்குத் தண்டனை. அம்பு விட்டவனுக்கு ஒண்ணும் இல்லை.

மகளுக்காக நியாயம் கேட்ட அப்பா ஃபிளெகியாஸ் என்ன ஆனார் தெரியுமா? ஆத்திரத்தில் டெல்ஃபியில் இருந்த அப்போலோ கோவிலுக்குத் தீ வைத்தார் என்று பிற்கால உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் அவரைப் பாதாள நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார். தெய்வங்களை மதியுங்கள் என்று அங்கிருந்து கத்திக்கொண்டே இருக்கிறார்.

ஆக அம்பு விட்டவனைத் தவிர இந்தக் கதையில் எல்லாருக்கும் தண்டனை உண்டு.

சரி, குழந்தைக்கு வருவோம்.

அப்போலோ குழந்தையைக் கைரானிடம் கொடுத்தான். பாதி மனிதன், பாதி குதிரை. பெலியோன் மலையில் வாழ்ந்த குரு. மூலிகை, கட்டுப் போடுவது, கத்தி வைப்பது எல்லாவற்றையும் பையனுக்குக் கற்றுக்கொடுத்தான். பிண்டார் தரும் சிகிச்சைப் பட்டியல் சுவாரசியமானது. மந்திரம், குடிக்கும் மருந்து, மேலே கட்டும் மருந்து, அறுவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வைத்தியனின் பையில் என்னென்ன இருந்தது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

அஸ்கிளிபியஸ் பெரிய வைத்தியன் ஆனான். அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கு. கோர்கன் என்ற அரக்கியின் ரத்தத்தை அதீனா தேவி அவனுக்குக் கொடுத்தாளாம். இடது பக்க நரம்பின் ரத்தம் கொல்லும், வலது பக்க ரத்தம் காக்கும். ஒரே பொருள் மருந்தாகவும் இருக்கும், விஷமாகவும் இருக்கும். மருந்தியல் முதல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தர்ற பாடம் இதுதான்.

அந்த ரத்தத்தை வைத்துச் செத்தவர்களையே எழுப்ப ஆரம்பித்தான். அதே நூல், அவன் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆறு பேரைப் பட்டியல் போடுகிறது. ஆறும் ஆண்கள். அவனுடைய அம்மா பெயர் அதில் இல்லை.

சாவே இல்லாமல் போனால் பாதாளத்துக்கு யார் வருவார்கள்? பாதாள அரசன் ஹேடீஸ் புகார் சொன்னான் என்று ஒரு வடிவம். காசுக்கு ஆசைப்பட்டுத்தான் பிணத்தை எழுப்பினான் என்று பிண்டார் வடிவம். முடிவு ஒன்றே. ஜீயஸ் இடியை எறிந்து அஸ்கிளிபியஸைக் கொன்றான்.

அப்போலோ இரண்டாவது முறை அழுதான். ஜீயஸை எதிர்க்க முடியாது. அதனால் ஜீயஸுக்கு இடியைச் செய்துகொடுத்த சைக்ளோப்ஸ்களைக் கொன்றான். அதற்குத்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அட்மெட்டஸ் என்ற மனித அரசனிடம் ஒரு வருடம் மாடு மேய்க்கும் வேலை.

இதைக் கவனிச்சீங்களா? அப்போலோ கடைசியில் தண்டிக்கப்பட்டான். ஆனால் சைக்ளோப்ஸைக் கொன்றதற்காக. கொரோனிஸைக் கொன்றதற்காக இல்லை.

இதுவரைக்கும் புராணம். இனிமேல் வரலாறு.

ஹோமர் காலத்தில் அஸ்கிளிபியஸ் கடவுளே இல்லை. இலியட்டில் அவன் குறையில்லாத ஒரு வைத்தியன், அவ்வளவுதான். அவனுடைய இரண்டு பிள்ளைகள் தெசலியின் ட்ரிக்காவிலிருந்து போருக்கு வந்து, காயம்பட்டவர்களுக்கு அம்பு பிடுங்கி மருந்து போடுகிறார்கள். இன்றைய ட்ரிகாலா நகரம்தான் அந்த ஊர்.

பிறகுதான் அவன் தெய்வமானான். தெற்கே எபிடாரஸ் என்ற ஊரில் அவனுக்குப் பெரிய கோவில் எழுந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அது உச்சத்தில் இருந்தது. ஜனங்கள் கால்நடையாக வருவார்கள். குளித்து, பலி கொடுத்துவிட்டு, அபாட்டன் என்ற மண்டபத்தில் இரவு படுத்துத் தூங்குவார்கள். கனவில் சாமி வந்து சிகிச்சை செய்வார் என்பது நம்பிக்கை. கோவிலில் பாம்புகளை வளர்த்தார்கள். இன்றும் அங்கே இருக்கும் பெரிய திறந்தவெளி அரங்கம் உலகப் புகழ் பெற்றது. 1988ல் அந்த இடம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது.

குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கிட்டத்தட்ட எழுபது கதைகள் கிடைத்திருக்கின்றன. அதில் முதல் கதையே ஒரு கர்ப்பிணியுடையது. கிளியோ என்ற பெண் ஐந்து வருடமாகக் கர்ப்பமாகவே இருந்தாளாம். கோவிலில் தூங்கி எழுந்தாள். கோவில் எல்லையைத் தாண்டி வெளியே வந்ததும் பிரசவம் ஆனது.

ஐந்து வருடக் கர்ப்பத்தை விடுங்க. "எல்லையைத் தாண்டி வெளியே வந்ததும்" என்பதுதான் முக்கியம்.

ஏன்னா அந்தக் கோவிலுக்குள்ள ஒரு விதி இருந்தது. யாரும் உள்ளே சாகக் கூடாது. யாரும் உள்ளே பிரசவிக்கக் கூடாது. ரெண்டுமே தீட்டு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்த பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர் இதை எழுதியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் கூரையில்லாமல் வெட்டவெளியில் பிரசவிக்க வேண்டியிருந்தது. சாகக் கிடந்தவர்கள் திறந்தவெளியில் உயிரை விட்டார்கள். பிறகு அந்தோனினஸ் என்ற ரோமானிய செனட்டர், பிரசவத்துக்கும் சாவுக்கும் என்று எல்லைக்கு வெளியே ஒரு கட்டடம் கட்டிக்கொடுத்தார்.

யோசிச்சுப் பாருங்க. செத்துப்போன அம்மாவின் வயித்துல இருந்து எடுக்கப்பட்ட குழந்தைதான் அந்தச் சாமி. கொரோனிஸ் மாதிரி ஒருத்தி பிரசவ வலியோட அந்த வாசலுக்கு வந்திருந்தா, அவளை உள்ளே விட்டிருக்க மாட்டாங்க.

எபிடாரஸ்காரர்கள் கதையையும் மாற்றினார்கள். சுமார் கி.மு. 300ல் இஸில்லஸ் என்ற கவிஞர் கல்வெட்டில் பதித்த பாட்டில் இஸ்கிஸ் இல்லை, அம்பு இல்லை, சிதை இல்லை. கொரோனிஸ் அந்த ஊர்ப் பெண்ணாகி, கோவிலிலேயே சுகப்பிரசவத்தில் அஸ்கிளிபியஸைப் பெறுகிறாள். சாமி பிறந்த கதை மங்களமா இருக்கணும் இல்லையா? அதனால கொலையைக் கதையில இருந்தே எடுத்துட்டாங்க.

டிட்டானே என்ற ஊரில் இன்னொரு அஸ்கிளிபியஸ் கோவில். அங்கே கொரோனிஸுக்கு ஒரு மரச்சிலை இருந்தது. ஆனால் மகனின் கோவிலில் அதற்கு இடம் இல்லை. பலி கொடுக்கும்போது சிலையை அதீனாவின் கோவிலுக்குத் தூக்கிப்போய் அங்கே வைத்து மரியாதை செய்வார்கள் என்று அதே பௌசானியஸ் எழுதுகிறார். மகனுக்கு இவ்வளவு பெரிய கோவில். அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில்.

கி.மு. 293ல் ரோம் நகரில் கொள்ளை நோய் வந்தது. எபிடாரஸுக்கு ஆள் அனுப்பி, அங்கிருந்து ஒரு பாம்பைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அது டைபர் ஆற்றின் நடுவில் இருக்கும் தீவில் இறங்கியது என்பது கதை. கி.மு. 291ல் அங்கே அஸ்கிளிபியஸுக்குக் கோவில் எழுந்தது. இன்னைக்கும் அதே தீவில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு.

இப்போ அந்த மருத்துவ விஷயத்துக்கு வர்றேன்.

செத்த தாயின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது புராணத்தில் மட்டும் இல்லை. பழைய ரோமானியச் சட்டம் ஒன்று, கர்ப்பிணி இறந்தால் குழந்தையை வெளியே எடுக்காமல் புதைக்கக் கூடாது என்றது. சிசேரியன் என்ற பெயரை ஜூலியஸ் சீசரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் சீசர் அப்படிப் பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவருடைய அம்மா ஆரேலியா, மகன் பெரிய தளபதி ஆனதைப் பார்த்துவிட்டு கி.மு. 54ல்தான் இறந்தார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைக்க மாட்டாள்.

அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்த அறுவை சிகிச்சை குழந்தைக்கானது. தாய் செத்த பிறகு, அல்லது கண்டிப்பாகச் சாகப் போகிறாள் என்று தெரிந்த பிறகு செய்வது. 1847ல் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் வந்தது. 1867ல் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். 1882ல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கர்ப்பப்பையை ஒழுங்காகத் தையல் போட்டு மூடும் முறையைச் சொன்னார். அதுக்கப்புறம்தான் சிசேரியன் செய்த தாய் வீட்டுக்கு நடந்து போகும் காலம் மெல்ல வந்தது.

நான் படிக்கும்போது ஒரு வகுப்பு மறக்கவே மறக்காது. எங்க மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. "முப்பத்திரண்டு வாரக் கர்ப்பிணி. இதயம் நின்னுடுச்சு. சிபிஆர் கொடுக்கறீங்க, துடிப்பு திரும்பலை. உடனே அந்த இடத்துலயே வயித்தைத் திறந்து குழந்தையை எடுக்கணும். யாரைக் காப்பாத்த?"

நாங்க எல்லாரும் கோரஸா, "குழந்தையை மேடம்"னு சொன்னோம்.

மேடம் சிரிக்கலை. "அம்மாவை" அப்படின்னாங்க.

காரணம் இதுதான். சுமார் இருபது வாரத்துக்கு மேல், கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு வளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால், உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை அது அழுத்தும். இதயம் நின்ற நிலையில் நாம் எவ்வளவு நெஞ்சை அழுத்தினாலும், திரும்பி வரும் ரத்தம் குறைவாக இருந்தால் பலன் குறைவு. குழந்தையை எடுத்துவிட்டால் அந்த அழுத்தம் நீங்கும். ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். சிபிஆர் வேலை செய்யத் தொடங்கும். குழந்தைக்கும் வாய்ப்பு, தாய்க்கும் வாய்ப்பு.

1986ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சிலர் இதற்கு ஒரு கணக்கு முன்வைத்தார்கள். இதயம் நின்று நாலாவது நிமிடத்தில் அறுவையைத் தொடங்கணும், ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வரணும். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக நேரம் இல்லை. இருக்கிற இடத்தில், கையில் இருக்கிற கத்தியோடு. இப்படிச் செய்த சில தாய்மார்களுக்கு, குழந்தையை எடுத்த உடனே நாடித்துடிப்பு திரும்பியிருக்கிறது. "செத்த பிறகு செய்யும் சிசேரியன்" என்ற அர்த்தத்தில் இருந்த பழைய பெயரையும் இப்போது மாற்றி, "உயிர்மீட்பு அறுவை" என்ற பொருளில் சொல்கிறார்கள்.

அப்போலோ தீயில புகுந்து செய்ததும் இதே ஆபரேஷன்தான். ஆனா அவன் பிள்ளைக்காகச் செய்தான், அதுவும் அவளைச் சிதையில வச்ச பிறகு. அதே ஆபரேஷனை அவளுக்காகச் செய்யலாம்னு மருத்துவம் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கு.

பொதுமக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது. கர்ப்பிணி ஒருத்தர் மயங்கி விழுந்து, பேச்சு மூச்சு இல்லைன்னா, "வயித்துல குழந்தை இருக்கே, நெஞ்சை அழுத்தலாமா"ன்னு தயங்காதீங்க. உடனே 108க்கு போன் பண்ணச் சொல்லுங்க. கர்ப்பிணின்னு மறக்காம சொல்லச் சொல்லுங்க. சமதளத்துல மல்லாக்கப் படுக்க வச்சு, மத்தவங்களுக்குச் செய்யுற மாதிரியே நெஞ்சின் நடுவில் வேகமா, அழுத்தமா சிபிஆர் ஆரம்பிங்க. வயிறு தொப்புள் அளவுக்கு மேல பெருசா இருந்தா, பக்கத்துல இருக்கிற இன்னொருத்தர் இரண்டு கையாலும் வயிற்றை அவங்களோட இடது பக்கமா நகர்த்திப் பிடிச்சுக்கட்டும். அம்மாவுக்கு ரத்த ஓட்டம் இருந்தாத்தான் குழந்தைக்கும் இருக்கும்.

கடைசியா ஒண்ணு.

மருத்துவச் சின்னமா ஒரு கோலும் அதைச் சுத்தின ஒரு பாம்பும் பார்த்திருப்பீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் கொடியில் இருப்பது அதுதான். அது அஸ்கிளிபியஸின் கோல். சில டாக்டர் ஸ்டிக்கர்களில் ரெண்டு பாம்பும் இறக்கையும் இருக்கும். அது வணிகத்துக்கும் தூதுக்கும் தெய்வமான ஹெர்மிஸின் கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902ல் அதைத் தன் சின்னமாக எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் அது இவ்வளவு பரவிச்சு. பௌசானியஸ் சொல்லும் ஒரு வடிவத்தில், எரியும் சிதையிலிருந்து குழந்தையைத் தூக்கியது அந்த ஹெர்மிஸ்தான் என்பதால், நான் அந்த ஸ்டிக்கர் ஒட்டினவங்ககிட்ட ரொம்பச் சண்டை போடறதில்லை.

எந்தச் சின்னத்துலயும் கொரோனிஸ் இல்லை. உறுதிமொழியில இல்லை, கோவில்ல இல்லை, பிழைச்சவங்க பட்டியல்ல இல்லை.

ஒவ்வொரு பிரசவ வார்டிலும் அவசர மருந்து ட்ராலி ஒன்று இருக்கும். பல ஆஸ்பத்திரிகளில் அதிலேயே ஒரு கத்தியையும் தயாரா வச்சிருப்பாங்க, அந்த நாலு நிமிஷத்துக்காக. என்னைப் பொறுத்தவரை கொரோனிஸுக்கு அதுதான் கோவில். அது பயன்படாமலே இருக்கட்டும். பயன்பட வேண்டி வந்தா, இந்த முறை முதல்ல அம்மாவைப் பாருங்கன்னு ஒருத்தர் அங்க சொல்லட்டும்.

 வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா, அந்த சிபிஆர் பகுதியை மட்டுமாவது வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க.